அது என் வேலை இல்லை

அரசு அலுவலகங்களின் சாளரங்களுக்கு முன்னால் காத்து நின்றவர்கள் அனைவரும் கேட்டுப் பழகிய வாக்கியம் ஒன்று உண்டு: "அது என் வேலை இல்லை." பட்டா மாறுதலுக்கோ இறப்புச் சான்றிதழுக்கோ அலைகின்ற ஏழையை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடும் வாக்கியம் அது. ஒரு குருவானவரின் வாயிலிருந்து அச்சொல் வரலாகாது என்ற எண்ணத்தோடுதான் நான் குருமடத்தை விட்டு வெளியே வந்தேன். பசி என்று வருபவரிடமும், மகளுக்கு வரன் தேடுபவரிடமும், கடன் தொல்லையில் தவிப்பவரிடமும் அப்படிச் சொல்லாத பங்குத்தந்தையைத்தான் மக்கள் நல்ல சாமியார் என்கிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுப் பணிவாழ்வில் நானும் அந்தப் பெயரை வாங்கவே ஆசைப்பட்டேன்.

அந்த வாக்கியத்தை மரியாதையோடு கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவள் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண். ஆனால் அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர் நான் அல்லேன், வேறொருவர்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் காவிரிக் கடைமடையில் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். மனையியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த அப்பெண், பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த தாயைக் கவனிப்பதற்காக ஊர் திரும்பியிருந்தாள். தாயின் அருகில் இருந்தபடியே, கணினி வழியாக, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ‘ஹெல்த் கோச்’ என்னும் பயிற்சியை முடித்திருந்தாள். ஆரோக்கியப் பயிற்றுநர் என்று அதைத் தமிழில் சொல்லலாம். சனிக்கிழமை மாலைகளில் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களைப் பங்கு மன்றத்தில் கூட்டிப் பேச அனுமதி வேண்டும் என்று என்னிடம் வந்தாள்.

எனக்கு ஐயம். "நீ டாக்டரா அம்மா?"

"இல்லை ஃபாதர்."

"நர்சு?"

"அதுவும் இல்லை. டாக்டர் சொல்லி அனுப்புவதை வீட்டிலே செய்யமுடியாமல் தவிக்கிறவர்களோடு கூட இருக்கிறவள். அவ்வளவுதான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு அதிகமானோர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணித்தது. வரிசையில் நூறு பேரை நிறுத்திவைத்திருக்கும் மருத்துவர் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் தருவதே பெரிது. "சோற்றைக் குறையுங்கள், நடங்கள், மாத்திரையை விடாதீர்கள்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுகிறார். ஆனால் சோறு எங்கே குறைகிறது? மூன்று வேளையும் சோறுதான் சமைக்கிற வீட்டில், வயல்வேலை செய்து திரும்புகிறவர் எதைக் குறைப்பார், எதை வைப்பார்? அந்தக் கேள்வியோடு உட்கார ஒருவருக்கும் நேரம் இல்லை. மருத்துவரின் சொல்லுக்கும் நோயாளியின் அடுப்படிக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் அவள் தன் வேலைக்களமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதற்கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்வரிசையில் அமர்ந்தேன். மறைக்கல்விக்குப் பயன்படும் கரும்பலகையின் நடுவில் அவள் ஒரு கோடு கிழித்தாள். இடப்பக்கம், தான் செய்யக்கூடியவை. வலப்பக்கம், தான் செய்யக்கூடாதவை. "நோய் இன்னதென்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லமாட்டேன். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். பொடியோ மருந்தோ எதுவும் விற்கமாட்டேன். நீங்கள் என்னிடம் சொல்லுகிறதை வெளியே சொல்லமாட்டேன்." வலப்பக்கம் நிறைந்து வழிந்தது. இத்தனை ‘மாட்டேன்’களுக்கு ஒரு வகுப்பு வேண்டுமா என்று எனக்குள் நகைத்துக்கொண்டேன்.

எங்கள் பங்கின் உபதேசியாரும் அக்குழுவில் சேர்ந்தார். வயது அறுபத்து நான்கு. நாற்பது ஆண்டுகளாகக் கோயிலே கதி என்று வாழ்ந்தவர். சாவு வீட்டுச் செபமோ, நற்கருணைக்குப் பிள்ளைகளைத் தயாரிப்பதோ, அவர் குரல் இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடந்ததில்லை. சர்க்கரை நோய் வந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அப்பெண் அவருக்கு அறிவுரை எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கேட்டாள், அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டாள், மறுபடியும் கேட்டாள். ஒரு நாளைக்கு ஏழு தேநீர் குடிக்கிறேன் என்பதை அவரே ஒரு சனிக்கிழமை எண்ணிக் கண்டுபிடித்து அதிர்ந்துபோனார். சாவு வீட்டிலும் திருமண வீட்டிலும் மறுக்கமுடியாமல் குடிப்பவை அவை. "இதில் எதை உங்களால் விடமுடியும் என்று நினைக்கிறீங்க, தாத்தா?" என்றாள். மூன்றை விட்டார். இரண்டு மாதத்தில், கோயிலிலிருந்து வாய்க்கால் பாலம் வரை மாலையில் நடக்கத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளில் எந்தச் சாமியாரும் அவரை நடக்கவைத்ததில்லை.

அந்த ஆண்டின் புனித வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை மாலை உபதேசியார் பங்கு இல்லத்துக்கு வந்து திண்ணையில் அமர்ந்தார்.

"சாமி, பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி பிடிக்கணும். எந்த வருசமும் விட்டதில்லை. காலையில மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டு, ராத்திரி வரைக்கும் ஒண்ணும் சாப்பிடாம இருக்கலாமா?"

"அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா?"

"கேட்டேன் சாமி. ‘அது என் வேலை இல்லை தாத்தா, மாத்திரை கொடுத்த டாக்டர்கிட்டதான் கேக்கணும், நாளைக்குக் காலையில நானும் உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வர்றேன்’னு சொல்லுது. ஒரு வருசம் படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியல."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

பிறகு நான் பதில் சொன்னேன். "நானும் சர்க்கரைக்காரன்தான், உபதேசியாரே. ஆறு வருடமாக மாத்திரை போடுகிறேன். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இராத்திரி வரைக்கும் ஒருசந்தி இருந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆனதில்லை. தைரியமாக இருங்கள்." அவர் நிம்மதியாக எழுந்து போனார். மறுநாள் மருத்துவமனைக்கு அப்பெண் அழைத்தபோது, "வேண்டாம் பாப்பா, சாமியே சொல்லிட்டார்" என்று சொல்லிவிட்டார்.

பெரிய வெள்ளியன்று காலை, தெருக்கள் வழியாகச் சிலுவைப்பாதை சென்றது. வழக்கம்போல் செபங்களை உபதேசியார் சொல்லிக்கொண்டு வந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பத்தாம் தலத்தில் அவர் குரல் தடுமாறியது. நாற்பது ஆண்டுகளாகப் புத்தகம் பாராமல் சொல்லிவந்த செபத்தில், ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆண்டவரின் பாடுகளை நினைத்து மனம் உருகுகிறார் என்றே நானும் மக்களும் எண்ணினோம். அவருடைய சட்டை வியர்வையில் முழுக்க நனைந்திருப்பதையும், கையிலிருந்த புத்தகம் நடுங்குவதையும் கண்டவள் அந்தப் பெண் ஒருத்திதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவரைத் தாங்கி உட்காரவைத்தாள். கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவர் தம் மனைவியையே யாரென்று கேட்டார்.

விழுங்க முடிகிறதா என்று முதலில் சோதித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரையை வாங்கித் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டினாள். முழுமையாக நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மற்றொரு கையால் 108-ஐ அழைத்திருந்தாள். வண்டியில் வந்த உதவியாளர் விரலில் குத்திப் பார்த்தபோது, சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும் அளவு 52. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்தின் தொடக்கம்.

அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் இளையவர். கோபப்படவில்லை. மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "கிளிமிபிரைடு. இதைப் போட்டுக்கொண்டு யார் பட்டினி கிடக்கச் சொன்னது?" என்றார். நான் முன்வந்து, நான்தான் என்றேன். நானும் சர்க்கரை நோயாளி என்றும் சேர்த்துச் சொன்னேன், ஏதோ அது ஒரு தகுதி என்பதுபோல. நான் உண்ணும் மாத்திரை எது என்று கேட்டார். மெட்ஃபார்மின் என்றேன்.

"இரண்டும் ஒன்றல்ல, ஃபாதர்" என்று பொறுமையாக விளக்கினார். "உங்களுடையது பெரும்பாலும் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கும். அது தனியாக இருக்கும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. இவருடையது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். வயிற்றில் உணவு இல்லையென்றால், இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். இவருக்கு வயதும் ஆகிவிட்டது. ஒரு முறை ஏறினாலும் மறுபடி இறங்கக்கூடும். நாளைவரை இங்கேயே இருக்கட்டும்."

வெளித் தாழ்வாரத்தில் உபதேசியாரின் மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "சாமி சொன்னா டாக்டர் சொன்ன மாதிரிதான்னு இருந்துட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவின் இரவில், பாஸ்காத் திரியின் ஒளியில், உபதேசியார் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மறுநாள் அவர் நலமுடன் வீடு திரும்பினார் என்பதை வாசகர்களின் நிம்மதிக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் திரும்பாமலும் போயிருக்கலாம். அவர் அன்று விழுந்தது தெருவில், நூறு பேருக்கு நடுவில். தம் வீட்டில் தனியாகப் படுத்திருக்கும்போது அது நேர்ந்திருந்தால்?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் செய்தது தீமையா? அன்பினால்தானே சொன்னேன்? என் மாத்திரையும் அவர் மாத்திரையும் வேறு என்று தெரியாதது அறியாமை, அதை மன்னித்துக்கொள்ளலாம். ஆனால் தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லையே! என் உடம்பில் நடந்ததை அவர் உடம்புக்கும் சட்டமாக்கினேன். அனுபவம் வேறு, பயிற்சி வேறு. அனுபவம் எனக்கு ஒரே ஓர் உடம்பைப் பற்றித்தான் சொல்லித்தந்திருந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. எனக்கு உரிய துறையிலேயே நான் தவறியிருந்தேன். திருச்சபைச் சட்டம் 1252-இன்படி ஒருசந்திக் கடமை, 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி, 59 வயது நிறைவுறும்போது முடிந்துவிடுகிறது. அறுபத்து நான்கு வயது உபதேசியாருக்கு அக்கடமையே இல்லை. கடமை உள்ளவர்களுக்கும் ஒரு முழு உணவும், இரண்டு சிறிய உணவுகளும் அனுமதிக்கப்பட்டே வந்துள்ளன. இதைச் சொல்லுவதுதான் அன்று என் வேலை, அதைச் சொல்லவில்லை. மருந்தைப் பற்றிப் பேசுவது என் வேலை அன்று, அதைப் பேசினேன்.

பாஸ்கா வாரத்தில் அப்பெண்ணை அழைத்து, அவள் பெற்ற பயிற்சியைப் பற்றி முதன்முறையாக உண்மையான ஆர்வத்தோடு கேட்டேன். பயிற்சிக் காலத்தில் அவர்கள் உரையாடல்களைப் பதிவுசெய்து மூத்த ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். எந்த இடத்தில் அவசரப்பட்டு யோசனை சொன்னாய், எந்த இடத்தில் அவர் சொல்ல வந்ததை வெட்டினாய், எந்த அறிகுறியைக் கேட்டும் மருத்துவரிடம் அனுப்பத் தவறினாய் என்று ஆசிரியர் குறித்து அனுப்புவாராம். "உணவைப் பற்றிப் படித்தது குறைவு ஃபாதர். வாயை மூடிக்கொண்டு கேட்பதைப் பற்றித்தான் அதிகம் படித்தோம்" என்று சிரித்தாள்.

அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசிய வாரியம் உள்ளதையும், மருத்துவர்களுக்குத் தேர்வு நடத்தும் அமைப்போடு சேர்ந்து அது 2017 முதல் தேர்வு நடத்தி வருவதையும் அவள் வழியாக அறிந்தேன். தேர்வு எழுத வருபவர் ஏற்கப்பட்ட பயிற்சியை முடித்திருப்பதோடு, 20 நிமிடங்களுக்குக் குறையாத 50 உரையாடல்களையாவது நடத்திக் கணக்குக் காட்டவேண்டும். நோயை இன்னதென்று கூறுவதும் மருந்து எழுதுவதும் தன் பணிக்கு அப்பாற்பட்டவை என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டிலோ இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும், சத்துமாவு டப்பா விற்பவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்ளுகிறார்கள் என்று அவள் வருந்தினாள். பெயரைப் பார்த்து நம்பமுடியாது. ‘இதற்கு மேல் என் வேலை இல்லை’ என்று ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் நம்பவேண்டும்.

அவள் பேசப் பேச, இவையெல்லாம் எனக்குப் புதியவை அல்லவே என்று தோன்றியது. குருப்பட்டம் பெற்றுவிட்டதனால் மட்டும் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட முடியாது. அதற்குத் தனியாக அதிகாரம் பெறவேண்டும். தேர்வின் வழியாகவோ வேறு வகையிலோ தகுதி உறுதிப்பட்டவருக்கே அவ்வதிகாரம் வழங்கப்படவேண்டும் என்று சட்டம் 970 சொல்கிறது. குருமட அதிபர், தம்மோடு ஒரே இல்லத்தில் வாழும் மாணவர்கள் தாங்களாக விரும்பிக் கேட்டாலன்றி அவர்களுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது. ஒரு மாணவருக்குப் பட்டம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கையில், ஆன்மீகத் தந்தையின் கருத்தையோ ஒப்புரவு வழங்குபவரின் கருத்தையோ ஒருபோதும் கேட்கக்கூடாது. ஆன்மாவைத் திறந்து காட்டுபவர் அச்சமின்றித் திறக்கவேண்டும் என்பதற்காகத் திருச்சபை இட்டுவைத்த வேலிகள் இவை. இவற்றை நான் தேர்வுக்காகப் படித்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன்.

மருத்துவத்தைப் பற்றியும் திருச்சபை பேசியிருக்கிறது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், சுடுவதும் வெட்டுவதுமான அறுவை மருத்துவத்தில் குருக்கள் ஈடுபடக்கூடாது என்று விதித்தது. 1917-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு, திருத்தந்தையின் சிறப்பு அனுமதியின்றிக் குருக்கள் மருத்துவமோ அறுவை சிகிச்சையோ செய்யலாகாது என்றது. 1983-ஆம் ஆண்டின் தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. தடை நீங்கியதால் திறமை வந்துவிடுவதில்லை என்பதை நான் மறந்திருந்தேன்.

குருமடத்தில் இறையியல் பயின்றபோது, ஒரு விடுமுறையில் எங்களை மருத்துவமனை மேய்ப்புப்பணிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் 1925-இல் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் ஒரு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்குத் தொடங்கிய பயிற்சிமுறையின் வழிவந்தது அது. பாய்சன் தாமே மனநோயாளியாக மருத்துவமனையில் கிடந்தவர். நாங்கள் நோயாளிகளைச் சந்தித்துவிட்டு வந்து, அவர் சொன்னது, நான் சொன்னது என்று நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதித்தர வேண்டும். என்னுடைய முதல் தாள் சிவப்பு மையால் நிறைந்து திரும்பி வந்தது. புற்றுநோயால் வாடிய ஒரு முதியவரிடம் நான் பேசிய பதினொரு வாக்கியங்களில் ஒன்பது அறிவுரைகள். அவற்றின் ஓரத்தில் ஆசிரியர், "யாருடைய பயத்தைப் போக்க இதைச் சொன்னீர்?" என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. உபதேசியாரின் திண்ணைக் கேள்விக்கு நான் சொன்ன பதிலும் என் பயத்தைப் போக்கவே சொன்னது என்று இப்போது தெரிகிறது. தெரியாது என்று சொன்னால் அவர் கண்ணில் நான் சிறுத்துவிடுவேனோ என்ற பயம் அது.

குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும், அவரோடு சேர்ந்து 1991-இல் நூல் எழுதிய ஸ்டீஃபன் ரோல்னிக்கும், பிறரை உடனே சரிசெய்துவிடத் துடிக்கும் நம் இயல்பைப் பற்றி எச்சரிக்கிறார்கள். இந்த ஆரோக்கியப் பயிற்சியின் வேர்களுள் ஒன்று அவர்களுடைய முறை. மாறுவதற்கான காரணங்களை நாம் அடுக்க அடுக்க, எதிரே இருப்பவர் மாறாமலிருப்பதற்கான காரணங்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார் என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. ஏழு தேநீரை உபதேசியாரே எண்ணிக் கண்டது இதனால்தான் பலித்தது. நான் பிரசங்க மேடையிலிருந்து எண்ணிச் சொல்லியிருந்தால், எட்டாவதைக் குடித்துக்கொண்டே அவர் ‘ஆமென்’ என்று சொல்லியிருப்பார்.

இப்படியெல்லாம் எழுதுவதைக் கண்டு, பட்டம் பெற்றவர்கள் தவிர வேறு எவரும் நோயாளியின் அருகில் போகக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். உண்மை அதற்கு நேர்மாறானது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவத் தம்பதியர் இரஜனிகாந்த் ஆரோலேயும் மேபெல் ஆரோலேயும் 1970-இல் மகாராட்டிரத்து ஜாம்கேடில் கிராம நலப்பணியைத் தொடங்கினர். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் பலரை அவர்கள் நலவாழ்வுப் பணியாளர்களாக ஆக்கினார்கள். பேறுகாலத்துக்குத் துணை நிற்கவும், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கவும் அப்பெண்கள் கற்றார்கள். எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றார்கள். நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மருத்துவர் எழுதிய மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கொடுப்பது அவர்கள் வேலை. எழுதுவது மருத்துவர் வேலை. அந்தக் கோடு தெளிவாக இருப்பதால்தான் அவர்களை நம்பிக் கதவைத் திறக்கமுடிகிறது.

ஆகவே எல்லை என்பது அன்பைக் குறைப்பதற்காகப் போட்டது அன்று. அரசு அலுவலகத்துச் சாளரத்தில் கேட்கும் ‘அது என் வேலை இல்லை’க்கும், அந்தப் பெண் சொன்னதற்கும் உள்ள வேறுபாடு எது என்று பலநாள் சிந்தித்தேன். அலுவலர் அந்த வாக்கியத்தோடு சாளரத்தை மூடிவிடுகிறார். அவள் அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் வைத்திருந்தாள்: "நாளைக்குக் காலையில நானும் உங்ககூட வர்றேன்." முதல் வாக்கியத்தை மட்டும் சொல்பவர் கைகழுவுகிறார், பிலாத்துவும் அதைச் செய்தான். இரண்டாவதை மட்டும் சொல்லி, முதலாவதைச் சொல்லத் தெரியாதவர், என்னைப்போல், துணைக்கு வருகிறேன் என்று சொல்லிப் பள்ளத்துக்கு அழைத்துப்போகிறார். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கற்பதற்கே பயிற்சி தேவைப்படுகிறது.

குருக்களாகிய எங்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு மருந்துக்கடைக்காரர் தவறான யோசனை சொன்னால், மக்கள் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள். சாமியார் சொன்னால் சரிபார்ப்பதில்லை. நான் வாங்க ஆசைப்பட்ட நல்ல பெயர்தான் அன்று உபதேசியாரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்தது. மக்கள் நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கை எவ்வளவு பெரியதோ, அவ்வளவு சிறியதாக நம் வாய் இருக்கவேண்டும்.

உபதேசியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனார். "என்ன சாமி நீங்க, எங்ககிட்ட போய்..." என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் விடாமல், "உங்கள் மாத்திரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, உபதேசியாரே, தெரிந்ததுபோல் பேசிவிட்டேன்" என்றேன். சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, "அந்தப் பாப்பாவுக்குத் தெரியலன்னு நாம சிரிச்சோமே சாமி" என்றார். ஆம், சிரித்தோம்.

மறு ஆண்டு சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறன்று, திருப்பலி முடிவில் ஓர் அறிவிப்பை நானே எழுதி நானே வாசித்தேன். ஒருசந்திக் கடமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை வயதோடு விளக்கினேன். நோயாளிகளுக்கு அக்கடமை இல்லை என்றேன். சர்க்கரைக்கோ வேறு நோய்க்கோ மாத்திரை உண்பவர்கள், ஆசைக்காக ஒருசந்தி இருக்க விரும்பினாலும், மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் இருக்கக்கூடாது என்றும், அதைப் பற்றி என்னைக் கேட்கவேண்டாம் என்றும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ‘என்னைக் கேட்கவேண்டாம்’ என்று ஒரு சாமியார் சொல்லி அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

அந்தத் தவக்காலத்தின் நடுவில் ஒரு நாள் உபதேசியார் மீண்டும் அதே திண்ணையில் வந்து அமர்ந்தார். வாசகப் புத்தகத்தின் எழுத்துகள் கொஞ்ச நாளாக மங்கித் தெரிகின்றன என்றார். சர்க்கரையினாலா, கண்புரையா, கண்ணாடியை மாற்றினால் போதுமா, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடலாமா என்று கேட்டார். எனக்கும் கண் மங்கிக் கண்ணாடி மாற்றிய அனுபவம் உண்டு. பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"அது என் வேலை இல்லை, உபதேசியாரே" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குக் காலையில் கண் மருத்துவரிடம் போவோம். எனக்கும் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏழு மணித் திருப்பலி முடிந்ததும் வண்டியை எடுக்கிறேன். காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்."